சின்னவளின் மாதிரிச் சாக்கு

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. எழுதி எழுதி நடுவிரல் ஓரத்தில் மட்டும் ஒரு சின்னக் காய்ப்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த விரல். எனக்கு ஆறாம் வகுப்போடு சரி. தம்பி பிறந்தான், அம்மா வேலைக்குப் போனாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. என் விரல்களிலும் காய்ப்பு உண்டு. அது வேறு இடத்தில் இருக்கும்.

வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். எட்டு வயது வித்தியாசம். ஒரே கூரை, நடுவில் பலகைத் தடுப்பு, பின்பக்கம் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குழாய். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்தால் இந்தப் பக்கம் என் பாத்திரங்கள் சத்தம் போடும்.

“சத்தம் போடுறது நீயா, பாத்திரமா?” என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார்.  நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. அதுதான் சங்கடமே. மாமியாரின் மருந்துச் சீட்டைப் படித்து எந்த மாத்திரை காலையில், எது சாப்பாட்டுக்குப் பிறகு என்று பிரித்து வைப்பாள். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் எழுதிக் கொடுப்பாள். என் மகனுக்குக் கணக்கு வரவில்லை என்றால் என்னிடம் வரமாட்டான், தடுப்பைத் தட்டுவான். “சித்தி, இது எப்படி?” என்பான். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இன்னொன்றும் உண்டு. அவள் மகள் என் மகனைவிட இரண்டு வயது இளையவள். ஆனால் உயரத்தில் அவனைத் தாண்டிவிட்டாள். கொழுந்தன் வாசல் நிலையில் பென்சிலால் கோடு போட்டு இருவரையும் அளந்து வைத்திருந்தார். நிலையைத் துடைக்கிற சாக்கில் அந்தக் கோடுகளை அழிக்க ஈரத்துணியோடு இரண்டு தடவை போயிருக்கிறேன். துடைக்காமல் திரும்பி வந்தேன்.

எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. அது கடலை ஷெட்டில் இருந்தது.

ஷெட் எங்கள் தெருவுக்குப் பின்னால், நடந்தால் பத்து நிமிடம். தோல் நீக்கிய நிலக்கடலை ஒரு முனையில் பெல்ட்டில் விழும். இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருப்போம். சுருங்கினது, கறுத்தது, முளைவிட்டது, பூச்சி ஓட்டை போட்டது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி மடியருகே இருக்கும் வாளியில் போடவேண்டும். பெல்ட் நிற்காது. பார்ப்பதும் எடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். நான் பதினான்கு வருடமாகக் கடைசி இருக்கையில் இருந்தேன். கடைசி இருக்கை என்றால் முதலிடம். மற்றவர்கள் தவறவிட்டதை எடுக்கிறவள் அங்கே உட்காருவாள். என்னைத் தாண்டிப் போனால் அது மூட்டைக்குள் போய்விடும்.

“அவளுக்குக் கண்ணு ரெண்டு இல்ல, ஏழெட்டு இருக்கும். மீதியை எங்க வச்சிருக்கான்னுதான் தெரியல” என்பாள் ரேடியோ. காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். என்னைப் பற்றி யாராவது நல்லது பேசினார்கள் என்றால் அது அந்த ஷெட்டில்தான்.

கொழுந்தனுக்கு வேலை குறைந்த வருடம் சின்னவளும் பெல்ட்டுக்கு வந்தாள். எனக்கு நாலு இருக்கை தள்ளி உட்கார்ந்தாள். ஒன்றைப் பார்த்து, யோசித்து, எடுப்பதற்குள் அது என்னிடம் வந்துவிடும். “அக்கா, அதையும் எடுத்துடுங்க” என்று கெஞ்சுவாள். எடுப்பேன். அவள் விட்டதையெல்லாம் என் வாளியில் போட்டுக்கொண்டே நாளெல்லாம் உட்கார்ந்திருப்பேன். உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு வருடமும் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பிறகு கப்பலில் போன சரக்கு திரும்பி வந்தது.

பூஞ்சை நஞ்சு அளவுக்கு மேல் இருக்கிறது என்று அக்கரையில் இறக்காமலே அனுப்பிவிட்டார்களாம். மேனேஜர் பெல்ட்டை நிறுத்திவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். பெல்ட் நின்ற ஷெட்டில் அவ்வளவு அமைதி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“இனிமே இங்கயே சோதனை அறை வரப்போகுது. ஒவ்வொரு சரக்கும் சோதிச்சப்புறம்தான் லாரி ஏறும். உங்கள்ல ஒருத்தருக்குப் பயிற்சி கொடுப்பாங்க. கடலையைத் தெரிஞ்சவங்களா இருக்கணும். யாரு வரீங்க?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ரேடியோகூட வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.  யாராவது சொல்வார்கள், மேனேஜரே கூப்பிடுவார் என்று குனிந்து வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது நாலு இருக்கை தள்ளி ஒரு கை மேலே இருந்தது. நகக்கண்ணில் இப்போது அழுக்கு இருந்தது. ஆனாலும் கை நேராக இருந்தது.

அன்று முதல் எனக்கு அந்த அறை வேண்டும். வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஒரு மாதம் பயிற்சிக்குப் போய்விட்டு வெள்ளைக் கோட்டோடு வந்தாள். பையில் இரண்டு பேனா. ரேடியோ அவளுக்கு அன்றே டாக்டரம்மா என்று பெயர் வைத்துவிட்டாள். “டாக்டரம்மா, கடலைக்கு ஊசி போட்டாச்சா?” என்பாள். ஊசி என்பதும் சும்மா இல்லை. மூட்டையைக் குத்தி உள்ளிருந்து மணிகளை எடுக்கும் முனை கூரான குழாயைக் குத்தூசி என்போம். சின்னவள் அதை வைத்துக்கொண்டு கிடங்கில் ஒவ்வொரு அடுக்காக ஏறுவாள். மேல் மூட்டை, நடு மூட்டை, சுவரோரம் இருக்கிற அடி மூட்டை என்று குத்திக் குத்தி எடுத்து, எல்லாவற்றையும் ஒரு சின்னச் சாக்கில் சேர்ப்பாள். அதுதான் மாதிரிச் சாக்கு. ஐந்து கிலோ. அதை முழுதாக மாவாக அரைத்து, கலக்கி, அதில் கொஞ்சம் எடுத்து ஒரு மருந்துத் தண்ணீரில் குலுக்கி, வடிகட்டி, காகிதப் பட்டை ஒன்றை முக்கி வைப்பாள். கொஞ்ச நேரத்தில் கோடு வரும். இரண்டு கோடு வந்தால் சரக்கு நல்லது. ஒரு கோடு மட்டும் வந்தால் நஞ்சு அளவுக்கு மேல்.

“இங்க ரெண்டு கோடு வந்தா நிம்மதி. வீட்ல ரெண்டு கோடு வந்தா என் பொழப்பு போச்சு” என்றாள் நாலு பிள்ளை பெற்ற ரேடியோ. பெல்ட்டே சிரித்தது. சோதனை அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கண்ணாடி வழியே அவள் கையெழுத்துப் போடும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் செய்த முதல் காரியம் எங்கள் கழிவில் கை வைத்ததுதான்.

பொறுக்கிப் போட்ட கடலையை நாங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவோம். அது வழக்கம். யாரும் தடுத்ததில்லை. சுருங்கினது என்றாலும் கடலைதானே. வறுத்து, தோலை ஊதி, இடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். என் மகன் பால் மறந்த நாளிலிருந்து அதைத் தின்று வளர்ந்தவன். ஒருநாள் சாயங்காலம் நாங்கள் பைகளோடு போனால் கழிவுப் பீப்பாய் முழுக்க நீலமாக இருந்தது. சின்னவள் கையில் சாய டப்பா. இனி ஒவ்வொரு நாளும் நீலம் ஊற்றிவிடப் போகிறாளாம், யாரும் தின்னக் கூடாதென்று.

“என்ன டாக்டரம்மா, எங்க வீட்டுச் சோத்துல சாயத்தை ஊத்திட்ட?” என்றாள் ரேடியோ. அன்று அவள் குரலில் கேலி இல்லை.

“அக்கா, மூட்டையில இருக்கிற நஞ்செல்லாம் நீங்க பொறுக்கிப் போடுறதுலதான் சேருது. நல்லதை ஊருக்கு அனுப்பிட்டு கெட்டதை நம்ம பிள்ளைங்களுக்குக் குடுக்கிறோம்.”

“வறுத்துத்தானே குடுக்கிறோம்.”

“வறுத்தா கொஞ்சம் குறையும். போகாது. கழுவினாலும் போகாது. வாசனையும் இருக்காது, கசக்கணும்னும் இல்ல. ஒரு நாள்ல ஒண்ணும் தெரியாது. வருஷக்கணக்கா உள்ள போனா கல்லீரலைக் கெடுக்கும். பிள்ளைங்க வளர்த்தியையும் தடுக்கலாம்னு சொல்லிக்குடுத்தாங்க.”

வளர்த்தி என்று சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயற்சி செய்தது எனக்குத் தெரிந்தது. அது பார்ப்பதைவிட மோசம்.

வீட்டுக்குப் போனதும் தடுப்பைத் தட்டினேன். வாழ்க்கையிலேயே முதல்முறை.

“என் பிள்ளை குள்ளமா இருக்கிறது நான் குடுத்ததாலயா?”

“அப்படிச் சொல்ல முடியாதுக்கா. எத்தனையோ காரணம் இருக்கும். மாமாவே உயரம் கிடையாது. எந்த டாக்டராலயும் இதுதான்னு சொல்ல முடியாது.”

“அப்ப உன் பொண்ணுக்கு நீ ஏன் ஒரு நாளும் குடுக்கல?”

“அவளுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாதுக்கா.”

அவளுக்கு அதிர்ஷ்டம்கூடச் சொல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று நினைத்தேன். பெல்ட்டில் இருந்தவர்கள் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எனக்கு அந்த வாரம் இனிப்பாக இருந்தது. எட்டாம் நாள் ரேடியோ தன் கடைசிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவளிடம் யோசனை கேட்கப் போய்விட்டாள்.

இப்படி நாலு மாதம். பிறகு வெளியூரில் பொறுக்கிக் கட்டிய இருநூறு மூட்டைச் சரக்கு ஒன்று, எங்கள் பெல்ட்டில் ஏறாமல், நேராகச் சோதனைக்கு வந்தது. மெலிந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் கடலைப் பசை செய்கிற ஆலைக்குப் போகவேண்டியது. மேனேஜர் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்.

அன்று மதியம் சாப்பாட்டு மணி அடித்தபின் சின்னவள் அறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, அரைக்கிற மெஷின் சூடாயிருச்சு. ஆற அரை மணி நேரம் ஆகும். பாப்பாவுக்குக் காய்ச்சல், ஓடிப்போய்க் கஞ்சி குடுத்துட்டு வந்துடுறேன். இந்தச் சாக்கைப் பாத்துக்கோங்க. யாரையும் தொட விடாதீங்க.”

“வேற ஆளே இல்லையா?”

“உங்களை விட்டா நான் யாரை நம்புவேன்?”

அவள் போய்விட்டாள். நான் முதல்முறையாக அந்த அறைக்குள் தனியாக நின்றேன். குளிர்ச்சியாக இருந்தது. ஆணியில் கோட்டு தொங்கியது. மேசை வெள்ளையாக, பெரிதாக, நல்ல வெளிச்சத்தில் இருந்தது. எங்கள் பெல்ட்டுக்கு மேலே ஒருநாளும் அப்படி ஒரு விளக்கு இருந்ததில்லை.

யாரையும் என்றால் அதில் நான் சேர்த்தி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாக்கை மேசையில் கொட்டினேன்.

அந்த விளக்கில் கடலை கண்ணாடிபோலத் தெரிந்தது. முதலிலேயே ஒன்று கண்ணில் பட்டது. தோல் கொஞ்சம் மங்கி, ஓரத்தில் சாம்பல் நிறம். எடுத்தேன். பிறகு இன்னொன்று. கை தானாகப் போனது. பதினான்கு வருடமாகக் கெட்ட மணி ஒன்றைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டதில்லை. அரிக்கிற இடத்தைச் சொறியாமல் இருக்கச் சொல்வதுபோல அது. ஆனால் கைப்பழக்கம் மட்டும் என்று சொன்னால் பொய். அவள் திரும்பி வந்ததும் ஒரு தட்டில் வைத்து முன்னால் நீட்டவேண்டும், உன் ஊசி கொண்டுவந்த அழுக்கைப் பார் என்று வாயால் சொல்லாமல் சொல்லவேண்டும் என்று இருந்தது. பெல்ட் ஓடாததால் அவசரம் இல்லை. இருபது நிமிடத்தில் மொத்தத்தையும் பார்த்துவிட்டேன். பதினேழு மணிகள். ஒரு கைக்குள் அடங்கின.

கடலையைத் திரும்பச் சாக்கில் அள்ளிக் கட்டியபோது அவள் மூச்சுவாங்க வந்தாள்.

“காய்ச்சல் இறங்கிடுச்சுக்கா. கண்ணைத் திறந்து பெரியம்மா எங்கன்னுதான் முதல்ல கேட்டா.”

அவள் முன்னால் நீட்ட முடியவில்லை. பதினேழையும் ஏப்ரன் பைக்குள் விட்டேன். அவள் சாக்கை மெஷினில் கொட்டினாள். நான் பெல்ட்டுக்குப் போனேன். சாயங்காலம் ரேடியோ கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு கோடு” என்று கூவினாள். மூன்று நாளில் லாரி வரும் என்றார்கள்.

அந்த மணிகளை நீலம் ஊற்றும் கழிவுப் பீப்பாயில் போட்டிருக்கலாம். போடவில்லை. வீட்டில் காலி மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். என் கண்ணுக்கு நானே வைத்துக்கொண்ட சாட்சி. என்றைக்காவது மேனேஜரிடம் காட்டலாம், இது அவள் பார்க்காதது, நான் பார்த்தது என்று.

மறுநாள் மதியம் பெல்ட் பட்டை அறுந்து நின்றது. சின்னவள் வெளியே வந்து எங்களோடு உட்கார்ந்தாள். ரேடியோ அவளை வம்புக்கு இழுத்தாள்.

“ஏன் டாக்டரம்மா, இருநூறு மூட்டையில அஞ்சு கிலோவை அரைச்சுட்டு எல்லாம் நல்லாருக்குன்னு எப்படி எழுதுற? மீதியைக் கனவுல பாத்தியா?”

“அதனாலதானே எல்லா அடுக்குலயும் குத்தி எடுக்கிறேன். பூஞ்சை மூட்டை முழுக்கப் பரவாது. ஈரம் பட்ட இடத்துல கொத்தா இருக்கும். ஆயிரம் மணியில ஒண்ணு ரெண்டு போதும், மொத்தக் கணக்கும் மேல போயிடும். அந்த ஒண்ணு ரெண்டு மாதிரியில மாட்டணும். மாட்டினா மூட்டைக்குள்ள அதுமாதிரி எத்தனையோ இருக்குன்னு அர்த்தம்.”

 கூட்டத்தில் நான் கேள்வி கேட்பதில்லை. அன்று கேட்டேன்.

“மாதிரியில இருந்து அந்த ஒண்ணு ரெண்டை யாராச்சும் எடுத்துட்டா?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், என் குரலைக் கேட்ட ஆச்சரியத்தில்.

“பெல்ட்டுல எடுத்தா புண்ணியம்க்கா. மாதிரியில எடுத்தா அது கண்ணாடியைத் துடைச்சிட்டு மூஞ்சி சுத்தமாயிருச்சுன்னு சொல்ற மாதிரி. நல்லவேளை, அப்படி யாரும் செய்யமாட்டாங்க” என்று சிரித்தாள்.

அந்த இரண்டு நாளை எப்படிச் சொல்வது. சரக்கு ஆலைக்குப் போனால் அங்கேயும் சோதிப்பார்கள். அவர்களுக்கு ஒரு கோடு வரும். நோட்டில் இரண்டு கோடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் சின்னவள். அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த அறை காலியாகும். பெல்ட்டில் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். இந்தமுறை குனியமாட்டேன். இதையெல்லாம் நான் நினைத்தேன். ஒருமுறை இல்லை, பாத்திரம் கழுவும்போது, தலை வாரும்போது, மகனுக்குச் சோறு போடும்போது. ஆணியில் தொங்கிய கோட்டு என் தோளுக்குப் பொருந்துமா என்றுகூட நினைத்தேன்.

ஆலையில் சோதிக்காமல் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் என்னை அப்படி நினைக்கவிடாமல் இடையில் வந்துகொண்டே இருந்தது. மெலிந்த குழந்தைகளுக்கு என்று மேனேஜர் குரலைத் தாழ்த்திச் சொன்னாரே. என் மகன் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், முழங்கால் இரண்டும் கூர்மையாக. அவனுக்கு நான் தெரியாமல் கொடுத்தேன். இது தெரிந்து.

லாரி வருகிற நாள் காலையில் குழாயடிக்கு அவள் குடத்தோடு வந்தாள். நான் டப்பாவோடு நின்றேன்.

“சின்னவளே, அன்னைக்கு அந்தச் சாக்குல நான் கை வச்சேன்.”

“எந்தச் சாக்குல?”

“மாதிரிச் சாக்குல. நீ வீட்டுக்கு வந்தப்ப.”

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். தண்ணீர் வழிந்து என் காலை நனைத்தது. குழாயை யாரும் மூடவில்லை.

“எத்தனை எடுத்தீங்க?”

“பதினேழு.”

டப்பாவைத் திறந்து பார்த்தாள். அவள் முகம் சுருங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

“நேத்தே சொல்லியிருக்கலாம். முந்தாநாளே சொல்லியிருக்கலாம். நான் விளக்கிச் சொன்னப்ப பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க.”

“ஆமா.”

“என் வேலை போகணும்னுதானே?”

பொய் சொல்ல நேரம் இருந்தது. “ஆமா” என்றேன். “அந்த அறை எனக்கு வேணும்னு இருந்துச்சு.”

அவள் டப்பாவை மூடி என் கையில் திணித்தாள். தலைகூட வாராமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அவள் அளவுக்கு என்னால் ஓட முடியவில்லை.

ஷெட்டில் லாரிக்குப் பலகை போட்டு அறுபது மூட்டை ஏற்றிவிட்டார்கள். சின்னவள் பலகையின் நடுவில் போய் நின்றுகொண்டாள். லோடுமேன் மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டு, “டாக்டரம்மா, வழியை விடு, முதுகு பேசுது” என்றார். அவள் அசையவில்லை. மேனேஜர் வந்து கத்தினார். ஏற்றுவதை அவர் நிறுத்தச் சொல்லும்வரை அசையவில்லை. லாரியில் ஏறினதிலும் கீழே இருந்ததிலும் புதிதாகக் குத்தி எடுத்து, மெஷினில் கொட்டும்வரை சாக்கின் வாயைத் தன் கைக்குள்ளேயே பிடித்திருந்தாள். என்னை அறை வாசலுக்கு அந்தப் பக்கமே நிறுத்தினாள்.

ஒரு கோடு வந்தது. எவ்வளவு நேரம் பார்த்தும் இரண்டாவது வரவில்லை.

மேனேஜர் நோட்டைத் திருப்பி முதல் சோதனையைக் காட்டினார். “இது எப்படி வந்துச்சு?”

 எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை கோர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்குள் சின்னவள் சொல்லிவிட்டாள்.

“மாதிரியைப் பூட்டாம விட்டுட்டு வீட்டுக்குப் போனேன் சார். அது நான் செய்யக் கூடாதது. அந்த நேரத்துல மாதிரி கலைஞ்சிருச்சு.”

யார் கலைத்தது என்று சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாளாம். எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல் வந்தது. தப்பைச் செய்தது நான், நேராக நின்று ஒப்புக்கொண்ட பெயர் அவளுக்கா. நான் மேசையருகே போய் டப்பாவை வைத்தேன்.

“நான்தான் சார் பொறுக்கினேன். அஞ்சு கிலோவுல பதினேழு.”

மேனேஜர் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “நீ பேசுவியா?” என்றுதான் முதலில் கேட்டார்.

அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை. சோதனை அறைக்குப் பூட்டு வாங்கினார்கள். என்னை ஒரு மாதம் வரவேண்டாம் என்றார்கள், அதற்குப் பிறகு பெல்ட்டில் முதல் இருக்கை. முதல் இருக்கை என்றால் புதிதாகச் சேருகிறவர்களுக்கு உரியது. “உங்க ரெண்டு பேர் சண்டையில கடலைக்குத்தான் பூட்டு போட்ட ஜெயில்” என்றாளாம் ரேடியோ. லாரியில் ஏறினதையும் இறக்கி, இருநூறு மூட்டையையும் பிரித்துப் பார்த்ததில், வரும் வழியில் தார்ப்பாய் கிழிந்து மழை பட்ட முப்பத்தொரு மூட்டை கிடங்கின் ஒரே மூலையில் இருந்தது. அவற்றில் நீலம் ஊற்றினார்கள். மீதியை எங்கள் பெல்ட்டில் ஓட்டினார்கள், நான் இல்லாமல். கடைசி இருக்கையில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்கக் கூடாதென்று இருந்தேன். ரேடியோ வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

சின்னவள் பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. குழாயடியில் என் குடம் நிறைந்தால் தள்ளி வைத்துவிட்டுத் தன் குடத்தை வைப்பாள், என்னைப் பார்க்காமல். என் மகனுக்கு மட்டும் வழக்கம்போலக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். தடுப்பு வழியே அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அவளே தட்டினாள். கையில் ஒரு தட்டு, அதில் இரண்டு கை அளவு கடலை.

“கோபம் போயிருச்சுன்னு நினைக்காதீங்க.”

“நினைக்கல.”

“நீங்க இல்லாம பெல்ட்டுல கெட்டது நிறையத் தாண்டிப் போகுது. எனக்கு ஒரு கோடா வருது. மூணு சரக்கு நின்னுபோச்சு. கண்ணுக்குத் தெரியாம இருக்கிறதை மெஷின் பாத்துக்கும். தெரியுறதாவது தெரியணும்ல. அந்தப் பதினேழும் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? இதுல எது கெட்டது, சொல்லுங்க.”

தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். பார்த்த உடனே தெரிந்தது.

“மூணு இருக்கு.”

அவள் குனிந்தாள். விரலால் கிளறினாள். ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்துத் திரும்ப வைத்தாள். அது நல்ல மணி. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் நல்லது. நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, பன்னிரண்டு வகுப்பு படித்தவள் என் வாசலில் நின்று தேடிக்கொண்டிருந்தாள்.

“எது அக்கா?”

“நல்லாப் பாரு” என்றேன். காட்டியிருப்பேன். ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும் என்று இருந்தது.